நூலில் போன தாளம்

போன தவக்காலத்தில், ஜெபமாலை முடிந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது, எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பிலோமினா எனக்கு முதன்முதலில் சொன்ன கதை இது.

பனி இறங்கும் மலைக்காட்டில் துடியன் என்று ஒரு முயல் இருந்தது. பின்னங்கால்களால் பாறையில் தட்டித் தாளம் போடுவதுதான் அதற்கு உயிர். அது தட்டும் பாறை உள்ளே பொந்து விழுந்த பாறை. தட்டினால், மேகத்துக்குள் யாரோ நடந்து போவது போலக் கேட்கும்.

மயிலின் பாட்டுக் குழுவில் துடியன் நாலு மழைக்காலம் தட்டியது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஐயா, ஒரே ஒரு தடவை நான் தனியாத் தட்டட்டுமா?"

"தனியாவா! என் தோகையை மறைக்காமப் பின்னால நின்னு தட்டு! அது போதும் உனக்கு!" என்றது மயில்.

அன்றே துடியன் குழுவை விட்டு வந்துவிட்டது. குழுவில் பாடிக்கொண்டிருந்த சில்வண்டு ரீங்கனும் கூடவே கிளம்பி வந்தது.

"நீ தட்டுடா, நான் கேட்கிறேன். கச்சேரிக்கு ஒரு ஆள் போதாதா?" என்று பாறை ஓரம் உட்கார்ந்துகொண்டது.

துடியனுக்கு ஒரு ஆள் போதவில்லை. தன் தாளம் காடு முழுக்கப் போக வேண்டும் என்று கண் மூடாமலே கனவு கண்டது.

அப்போது கிளையிலிருந்து நூல் பிடித்து இறங்கியது நூலாத்தா என்ற சிலந்தி.

"தம்பி! என் நூல் பத்துத் தோப்புக்கு ஓடுது. ஒரு முனையை உன் பாறையில கட்டுறேன். நீ இங்க தட்டு, அங்க கேட்கும். பிடிச்சவங்க நூலை இழுப்பாங்க. இழுப்பு உன் காலுக்கே வந்து தெரியும்!"

"மயிலைக் கேட்க வேண்டாமா அக்கா?"

"யாரையும் கேட்க வேண்டாம்! நீயே ராஜா!"

மறுநாள் விடியலில் துடியன் தட்டியது. நூலில் வரிசையாகக் கோத்திருந்த பனித்துளிகள் ஒவ்வொன்றாக நடுங்கின. தாளம் வெளிச்சம் போல அதில் ஓடி, மூங்கில் தோப்பைத் தாண்டி, மஞ்சு மூட்டத்துக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நூல் லேசாகத் துள்ளியது. ஓர் இழுப்பு! துடியனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அதற்குப் பிடித்த மெதுவான தாளத்துக்கு இழுப்பு அதிகம் வரவில்லை.

"மெதுவாத் தட்டினா யார் எழுந்திரிப்பா? வேகமாத் தட்டு தம்பி!" என்றது நூலாத்தா.

வேகமாகத் தட்டியது. பாறை அதிர்ந்தது, புல்வெளி அதிர்ந்தது. நூல் படபடவென்று துடித்தது. இங்கே ஒன்று, அங்கே நாலு! துடியன் சொக்கிப்போனது. புல் தின்று வளர்ந்த பிராணிக்குச் சிலந்தி எதற்கு நூல் நூற்கிறது என்று என்ன தெரியும்? தூங்கிக்கொண்டிருந்த பூச்சிகள் மிரண்டு எழுந்து நூலில் விழுவதை அது பார்க்கவில்லை. நூலாத்தாவின் வயிறு நாளுக்கு நாள் உருண்டதையும் பார்க்கவில்லை.

"டேய், அந்த மேகம் நடக்கிற மாதிரி ஒண்ணு தட்டுவியே, அதைத் தட்டேன்," என்றது ரீங்கன் ஒரு காலையில்.

"அதுக்கு இழுப்பு வரலைடா. நீயும்தான் தினம் கேட்கிறே, ஒரு நாளாவது இழுத்திருக்கியா?"

ரீங்கன் இறக்கையை விரித்தது. இவனுக்கு அதுதான் சந்தோஷம் என்றால், போய் ஒரு தடவை இழுத்துவிட்டு வருவோமே என்று மூங்கில் தோப்பு வரைக்கும் பறந்து போனது.

கொஞ்ச நேரத்தில் நூல் துள்ளியது பாருங்கள், அப்படி ஓர் இழுப்பு அதுவரை வந்ததே இல்லை! விடாமல், வெறி பிடித்தது போல!

"அக்கா! யாரோ என் தாளத்துல பைத்தியமாயிட்டாங்க!"

"தட்டு தம்பி, விடாதே!"

துடியன் கால் சிவக்கத் தட்டியது. இழுப்பு இன்னும் கூடியது. பிறகு சோர்ந்தது. பாவம், கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள் போல என்று துடியன் நினைத்தது. யார் என்று பார்த்து ஒரு கும்பிடு போட ஆசை வந்தது. நூல் வழியே குதித்து ஓடியது.

"எங்க போறே! ரசிகர்களை நேர்ல பார்த்தா மதிப்புப் போயிடும்!" என்று நூலாத்தா பின்னால் கத்தியது.

மஞ்சு விலக விலக, நூலில் தொங்குவது தெரிந்தது. உதிர்ந்த இறக்கைகள். சுருட்டி வைத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். தோப்பின் கடைசியில் ரீங்கன், கழுத்து வரை நூல் சுற்றிக் கிடந்தது.

"நீயாடா... நீயா இழுத்தே?"

"முதல் இழுப்பு உனக்காக," என்றது ரீங்கன் ஈனக் குரலில். "மத்ததெல்லாம் தப்பிக்கிறதுக்கு. நீ தட்டத் தட்ட நூல் இறுகிச்சு. நிறுத்துன்னு கத்தினேன்டா!"

துடியன் நூலில் பல்லை வைத்தது.

"அறுக்காதே! அறுத்தா பத்துத் தோப்பும் போச்சு! உன் பேரே போச்சு!" என்று ஓடி வந்தது நூலாத்தா.

"போகட்டும்!"

நறுக்கென்று கடித்து அறுத்தது. ரீங்கன் பிழைத்தது, கடவுள் காத்தார். ஆனால் ஒரு இறக்கை கிழிந்துவிட்டது. அதன் பாட்டில் அன்றிலிருந்து ஒரு கரகரப்பு.

இரண்டும் பாறைக்குத் திரும்பின. மூன்றாம் நாள் காலை, ஒரு முள்ளெலி உருண்டு உருண்டு வந்து சேர்ந்தது.

"இங்கதானே தாளம் தட்டுறவர் இருக்கார்? ரெண்டு நாளா நூல்ல சத்தமே வரலை. உடம்புக்கு ஏதாவதான்னு பார்க்க வந்தேன்."

"நீங்க கேட்டீங்களா? ஒரு தடவைகூட இழுக்கலையே!"

"கேட்கிற நேரத்துல இழுக்க யாருக்குங்க ஞாபகம் வரும்?"

துடியன் மெல்ல எழுந்து, மேகம் நடப்பது போல் தட்டியது. ரீங்கன் கரகரத்த குரலில் பாடியது. முள்ளெலி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு மூன்றும் சேர்ந்து காட்டுக்கொடிகளை முறுக்கி, தோப்புக்குத் தோப்பு கட்டின. ஒட்டாத கொடி. மூன்று தோப்புக்குத்தான் போகும். ஆனால் எந்த முனையில் யார் இருக்கிறார் என்று துடியன் நேரில் போய் விசாரித்த பிறகுதான் கட்டும்.

கேட்பவர் யார் என்று போய்ப் பார்க்காமல், வருகிற துடிப்பையெல்லாம் பாராட்டு என்று நம்புகிறவர், சொந்தச் சிநேகிதரின் அலறலையே கைதட்டலாக எடுத்துக்கொள்வார்.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது தனியாகப் பாட்டுப் போட்டு அனுப்பினால், முழுசாகக் கேட்டுவிட்டு, "கேட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.