அனுப்பாத வாய்ஸ் நோட்டு

"மேடம், வாய்ஸ் நோட்டுல ஜெர்மன்காரன் மாதிரி பேசுதேன். ஆளப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிடுது. ஏன்?"

தனசிங் வாசல்லயே நின்னு கேட்டுட்டார். செருப்புகூட கழட்டல.

தனசிங்குக்கு வயசு நாப்பத்தொண்ணு. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில எலும்பு முறிவு வார்டு நர்ஸ். எப்பேர்ப்பட்ட பயில்வானும் இவர் ஊசி போட்டா கத்த மாட்டான். அப்படி ஒரு கை!

ஜெர்மன் சொல்லிக்குடுக்கிற ரிஸ்வானா மேடத்துக்கு இருபத்தாறு. ஜெராக்ஸ் கடை மாடியில ஒரு ரூம், ஒரு போர்டு, எட்டு பிளாஸ்டிக் சேர். மொத்த குருகுலமும் அவ்வளவுதான்.

"உள்ள வாங்கண்ணே. என்னாச்சு?"

"ஜெர்மனி நர்ஸ் வேல இன்டர்வியூ ஊத்திக்கிச்சு."

வீடியோ கால்ல ஜெர்மன் ஆஸ்பத்திரி அம்மா சின்ன கேள்விதான் கேட்டிருக்காங்க. இவர் வாயத் திறந்தார். ஒரு வார்த்த வந்துச்சு. தப்போன்னு தோணுச்சு. நிறுத்துனார். முதல்ல இருந்து ஆரம்பிச்சார். திரும்ப நிறுத்துனார்.

நெட் போயிருச்சோன்னு அந்தம்மா கையாட்டிப் பாத்திருக்காங்க.

"வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ். அதோட சரி. அதுக்கு மேல கூப்பிட மாட்டாங்களாம்."

"சரி."

"என்ன மேடம், சரிங்கீய! சர்ச்சுல எனக்கு வழியனுப்பு ஜெபமே முடிஞ்சிருச்சு. 'என்ன தனசிங், இன்னும் பிளேன் வரலையா'ன்னு ஒவ்வொருத்தனும் கேக்கான்."

ரிஸ்வானா மேடம் சிரிக்கக் கூடாதுன்னுதான் பாத்தாங்க. முடியல.

"சிரிங்க, சிரிங்க. நான் தினமும் உங்களுக்கு அனுப்புத வாய்ஸ் நோட்டுல ஒரு தப்பு உண்டா?"

"இல்ல."

"அப்போ?"

மேடம் கைய நீட்டுனாங்க. போனக் குடுத்தார். தள்ளித் தள்ளிப் பாத்தாங்க.

"அனுப்புனதெல்லாம் இங்க இருக்கு. அனுப்பாதது எங்கண்ணே?"

தனசிங் முழிச்சார்.

"அது... அழிச்சிட்டேனே. அதெல்லாம் தப்பும் தவறுமா இருக்கும். அதப் போயி டீச்சருக்கு அனுப்பலாமா? மைக்க அழுத்திக்கிட்டே பேசுவேன். திக்குச்சுன்னா சட்டுனு விரல இடது பக்கம் தள்ளிருவேன், போயிரும். மறுபடி முதல்ல இருந்து. சுத்தமா வந்தத மட்டுந்தான் உங்களுக்கு அனுப்புவேன்."

பெருமையாத்தான் சொன்னார்.

மேடம் அவர் சட்டப் பாக்கெட்டப் பாத்தாங்க.

"பிளாஸ்திரி வெச்சிருக்கீங்களா?"

நர்ஸ் பாக்கெட்ல பிளாஸ்திரி இல்லாமலா? பதறிப்போய் எடுத்தார். "எங்க மேடம் வெட்டிருச்சு?"

மேடம் ஒரு துண்டக் கிழிச்சாங்க. போன் கண்ணாடியில, மைக் படத்துக்கு இடது பக்கம் ஒட்டுனாங்க. அது மேல இன்னொண்ணு. அதுக்கும் மேல இன்னொண்ணு. வரப்பு கட்டுன மாதிரி ஆயிருச்சு.

"மேடம்! புது போன்!"

"இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. விரல எடுத்தா எனக்கு வந்துரும்."

"தப்பா பேசுனா?"

"எனக்கு வந்துரும்."

"திக்குனா?"

"எனக்கு வந்துரும்ணே."

திங்கக்கிழமை, வார்டுல டீ நேரம். தனசிங் மைக்க அழுத்துனார். அரை வாக்கியம் ஜெர்மன். அப்புறம் "ஐயோ, ஏசுவே". அப்புறம் பெருமூச்சு. விரல் இடது பக்கம் ஓடுச்சு, பிளாஸ்திரியில முட்டுச்சு. வேற வழியில்லாம எடுத்துட்டார்.

போயிருச்சு!

நோயாளி கட்டில்லயே உக்காந்துட்டார்.

பதில் வந்துச்சு. ரெண்டே வார்த்த.

"உண்ட் டன்?"

ஜெர்மன்ல 'அப்புறம்?'னு அர்த்தம்.

திருத்தல. திட்டல. அப்புறமாம்!

அப்புறம்னு ஒருத்தங்க கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? சொன்னார். நாலாம் நம்பர் பெட் தாத்தா மாத்திரைய முழுங்காம தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்ச கதை. தலகாணிக்கு ஜெர்மன்ல என்னன்னு வரல. 'தலைக்கு ஒரு குட்டி மெத்த'ன்னு அடிச்சு விட்டார்.

"உண்ட் டன்?"

செவ்வாய், புதன், வியாழன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். மனுஷன் பேசிக்கிட்டே இருக்கார்.

"யார்கூடய்யா டெய்லி சண்ட போடுத?" நாலாம் நம்பர் தாத்தா கேட்டார்.

"டீச்சர்கூட தாத்தா. விட மாட்டேங்காங்க."

வெள்ளிக்கிழமை வந்துச்சு. அதே அம்மா. புதுக் கேள்வி.

ஆபரேஷன் முடிஞ்ச நோயாளி நடக்கப் பயந்து எந்திரிக்கவே மாட்டேங்கிறார். நீங்க என்ன செய்வீங்க?

தனசிங் வாயத் திறந்தார். முதல் வாக்கியமே தலகீழா வந்துச்சு. அது அவருக்கும் தெரிஞ்சுது. ரெண்டாவது வாக்கியம் ஏற்கெனவே கிளம்பிருச்சு, என்ன செய்ய! ஒரு வார்த்த வரல, சுத்தி வளைச்சுப் போனார். இன்னொண்ணு வரல, எந்திரிச்சு நின்னு கட்டிலப் பிடிச்சு நடக்கிற மாதிரியே நடந்து காட்டுனார். நடுவுல அந்தம்மா ஏதோ கேக்க வந்தாங்க.

"ஒரு நிமிஷம், நான் இன்னும் முடிக்கல"ன்னுட்டார். ஜெர்மன்ல!

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. நாற்காலியக் கேமராவுக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. இருபது நிமிஷ இன்டர்வியூ முக்கால் மணி நேரம் ஓடுச்சு.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடை படி ரெண்டு ரெண்டாத் தாவி வந்தார்.

"மேடம்! எடுத்துக்கிட்டாங்க! மெயில் வந்துருச்சு!"

"மாஷா அல்லா! உக்காருங்க, மூச்சு விடுங்க." மேடம் மார்க்கரத் தொறந்து போர்டு பக்கம் போனாங்க. "எங்கெங்க தப்பு விட்டீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க. எழுதிப் பாத்துருவோம்."

தனசிங் யோசிச்சார். மேல பாத்து யோசிச்சார். கண்ண மூடி யோசிச்சார்.

"தப்பு ஒண்ணும் ஞாபகம் வரல மேடம். அந்தம்மாவோட அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிருந்துச்சாம். இப்ப குச்சி ஊணி தோட்டம் வரைக்கும் நடக்காங்களாம்."

ரிஸ்வானா மேடம் மார்க்கர மூடிட்டாங்க.