ஓடையில் நின்ற கடமான்

முள்ளி என்ற முள்ளம்பன்றியின் மூன்றாவது குட்டிக்கு நாள்தோறும் கிடைத்துவந்த ஒரு கிழங்கை அந்தக் காட்டின் அவை பிடுங்கிக்கொண்டது. யாரும் மறைந்திருந்து திருடவில்லை. பட்டப்பகலில், முறைப்படி கூடி, முறைப்படி பேசி, முறைப்படி எண்ணிப் பிடுங்கினார்கள்.

அந்தக் கிழங்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காட்டின் நடுவே ஒரு குகை இருந்தது. அதுதான் பொதுக் களஞ்சியம். தேடிச் சேர்ப்பதில் ஒரு பங்கை எல்லா விலங்குகளும் அதில் போடவேண்டும். கரடியும் போட்டது, முள்ளியும் போட்டாள். உழைத்தும் வயிறு நிரம்பாத வீடுகளுக்கு, குட்டிக்கு ஒரு கிழங்கு என்று அதிலிருந்து திரும்பி வரும். இதற்குக் ‘குறைநிரப்பு’ என்று பெயர். கவனியுங்கள், சும்மா கிடப்பவர்களுக்கு அல்ல, உழைப்பவர்களுக்கு.

முள்ளி உழைத்தாள். மலைச்சரிவில் கரடியாருக்கு ஒரு கிழங்குக் காடு இருந்தது. கரடிக்குத் தோண்டத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தோண்ட ஆள் இருக்கும்போது அவர் ஏன் நகத்தை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும்? முள்ளி பத்துக் கிழங்கு தோண்டினால் அவளுக்கு இரண்டு கூலி. முன்பெல்லாம் நான்கு. களஞ்சியம் குறைநிரப்பு கொடுக்க ஆரம்பித்ததும் கரடியார் கூலியைப் பாதியாக்கிவிட்டார்.

“அதான் குகையிலிருந்து வருகிறதே” என்றார்.

அப்படியானால் அந்தக் குறைநிரப்பு யாருடைய வயிற்றை நிரப்பியது? நீங்களே சொல்லுங்கள்.

முள்ளியின் கணவன் அதே சரிவில் தோண்டிக்கொண்டிருந்தபோது மண் சரிந்து செத்துப்போனான். அப்போது மூன்றாவது குட்டி பிறந்து பத்து நாள். அதன் முட்கள் மயிரைப் போல மெத்தென்று இருந்தன. வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் முள்ளம்பன்றிக் குட்டிக்கு முள் கெட்டிப்படும். கெட்டிப்படும்வரை அது சிறுத்தைக்கு ஒரு வாய்ச் சோறு. ஆகவே நாளுக்கு ஒரு கிழங்கு என்பது அந்தக் குட்டிக்கு வெறும் சாப்பாடு அல்ல. உயிர்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. களஞ்சியம் குறைந்தது. செலவைக் குறைக்க அவை கூடியது.

அவை கூடும் இடம் ஓர் ஓடை. கிழக்குக் கரையில் ஆளும் மேட்டுக் கட்சி. மேற்குக் கரையில் எதிர்க்கட்சியான பள்ளக் கட்சி. நடுவில் ஒரு பாறைமேல் அவைத்தலைவர் ஆமை. பேச்செல்லாம் முடிந்ததும் வாக்கெடுப்பு. எல்லோரும் ஓடையில் இறங்கி, சட்டம் வேண்டும் என்பவர்கள் கிழக்குக் கரையிலும், வேண்டாம் என்பவர்கள் மேற்குக் கரையிலும் ஏறி நிற்கவேண்டும். ஆமையார் கரையில் உள்ள தலைகளை மட்டும் எண்ணுவார். தண்ணீரில் நிற்பவர் கணக்கில் வரமாட்டார். தாகம் எடுத்தவரை வற்புறுத்தக் கூடாது என்று என்றைக்கோ யாரோ இரக்கப்பட்டு வைத்த வழக்கம் அது.

உறுப்பினர் அல்லாதவர்கள் மேட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது. முள்ளி தன் தோழி அழுங்கோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில், நாக்கு மட்டும் நல்ல கூர்மை.

களஞ்சிய அமைச்சர் மலையணில் ஒரு கிளையின் நுனியில் நின்று பேசினார்.

“அவைத்தலைவர் அவர்களே, நம் காட்டில் ஒரு நோய் பரவியிருக்கிறது. அதன் பெயர் எதிர்பார்ப்பு. உழைக்கிறவர்கள் களஞ்சியத்தில் போடுகிறார்கள். பெற்றுப் போடுகிறவர்கள் அதிலிருந்து எடுக்கிறார்கள். இது நியாயமா?”

“நியாயமில்லை” என்று கிழக்குக் கரை முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

“இவர் தரைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது?” என்று அழுங்கு முணுமுணுத்தாள்.

“வாக்கெடுப்புக்குத் தவிர வந்ததே இல்லை. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளர்ந்தவர்” என்றாள் முள்ளி.

“பிறகு நம் வளைக்குள் நடப்பதெல்லாம் எப்படித் தெரியுமாம்?”

“மேலேயிருந்து பார்த்தால் நம் வளை வெறும் ஓட்டைதானே அடி. ஓட்டைக்குள் என்ன இருக்கும் என்று நினைப்பார்?”

“மேட்டில் பேச்சு வேண்டாம்” என்றார் ஆமை.

அமைச்சர் தொடர்ந்தார். “ஆகவே இனிமேல் குறைநிரப்பு முதல் இரண்டு குட்டிகளுக்கு மட்டும். மூன்றாவதைப் பெறுவதும் பெறாமல் இருப்பதும் அவரவர் இஷ்டம். அவரவர் இஷ்டத்துக்கு ஊரார் ஏன் கிழங்கு அளக்கவேண்டும்?”

அடுத்துக் கரடியார் எழுந்தார். அவரும் மேட்டுக் கட்சி உறுப்பினர்தான். “எனக்கு இதில் சொந்த லாபம் ஏதும் இல்லை. கொடுத்துக் கொடுத்து வேலையாட்களைக் கெடுத்துவிட்டோம் என்ற வருத்தத்தில் பேசுகிறேன்.”

“வருத்தமாக இருந்தால் கூலியை நான்காக்குங்களேன்” என்று மேற்குக் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கூலி என்பது தானாக அமைவது. அதில் கை வைக்க நான் யார்?” என்றார் கரடியார். பாதியாகக் குறைத்தபோது மட்டும் அது யாருடைய கை என்று கேட்க ஆமையார் யாரையும் விடவில்லை. நேரம் முடிந்துவிட்டதாம்.

பிறகு பள்ளக் கட்சியிலிருந்து கடமான் எழுந்தார். முள்ளியின் சரிவுக்கு அவர்தான் உறுப்பினர். பெரிய கொம்பு, கனத்த குரல், கண்ணோரத்தில் எப்போதும் ஓர் ஈரம். அது கடமான் இனத்துக்கே பிறவியில் உள்ளது. பார்ப்பவர்களுக்கு அவர் நமக்காக அழுகிறார் என்றே தோன்றும்.

“என் தொகுதியில் முள்ளி என்று ஒரு தாய் இருக்கிறாள்” என்று ஆரம்பித்தார். “அவளுடைய மூன்றாவது குட்டி பிறந்தபோது அதற்கு அப்பன் இருந்தான். இரண்டு பேர் தோண்டினார்கள், மூன்று குட்டிகள் சாப்பிட்டன. யாரிடமும் அவர்கள் கையேந்தவில்லை. பத்தாம் நாள் மண் சரிந்தது. நான் அமைச்சரைக் கேட்கிறேன். மண் சரிவதும் அவரவர் இஷ்டமா?”

மேற்குக் கரை அதிர்ந்தது. கிழக்குக் கரையிலேயே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அந்தக் குட்டியை நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னும் முள் கெட்டிப்படவில்லை. அதன் வாயிலிருந்து பிடுங்கித்தான் இந்தக் களஞ்சியத்தை நிரப்பவேண்டும் என்றால், அந்தக் களஞ்சியம் எனக்கு வேண்டாம்.”

முள்ளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வந்துவிடப் போகிறதே என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். தன் கதையை ஒருவர் இத்தனை சரியாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறதே” என்றாள் அழுங்கு.

அமைச்சர் வாலைத் தடவியபடி பதில் சொன்னார். “உறுப்பினரின் பேச்சு என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் சட்டம் நெஞ்சால் எழுதப்படுவதில்லை.”

“பின்னே, வாலாலா?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அமைச்சரும் சிரித்தார். அவருக்கு எண்ணிக்கை முன்பே தெரியும்.

வாக்கெடுப்பு தொடங்கியது. மேட்டுக் கட்சியில் ஆறு பேர் அன்று அவைக்கே வந்திருக்கவில்லை. எல்லோரும் ஓடையில் இறங்கினார்கள். ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கடமானும் அவருக்கு வேண்டிய ஆறு பேரும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குனிந்து குடிக்க ஆரம்பித்தார்கள்.

“அவ்வளவு நேரம் பேசினார் இல்லையா, தொண்டை வறண்டிருக்கும்” என்றாள் முள்ளி. “குடித்துவிட்டு ஏறுவார்.”

குடித்தார். தலையைத் தூக்கினார். மேற்குக் கரையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து குடித்தார்.

“கிழக்கு, இருபத்தொன்று” என்றார் ஆமை. “மேற்கு, பத்தொன்பது. சட்டம் நிறைவேறியது.”

முள்ளி தண்ணீரில் நின்ற தலைகளை எண்ணினாள். ஏழு. பத்தொன்பதும் ஏழும் எத்தனை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவை கலைந்ததும் அவள் ஓடைக்கு ஓடினாள். கடமான் கால்களை உதறிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஏன் கரையேறவில்லை?”

“நான் பேசியதைக் கேட்டாய் அல்லவா, அம்மா?”

“கேட்டேன் ஐயா. நன்றாகவே இருந்தது. ஏன் கரையேறவில்லை?”

“நீ ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாங்கள் ஆதரிக்கவில்லை. நடுவில் நிற்பதும் ஒரு வகை எதிர்ப்புதான்.”

“அது ஆமைக்குத் தெரியுமா?” என்று அழுங்கு கேட்டாள்.

கடமானுக்கு அவசர வேலை வந்துவிட்டது. போய்விட்டார்.

மறுநாள் காலை முள்ளி கரடியாரிடம் போனாள். “கூலியில் ஒரு கிழங்கு கூட்டித் தாருங்கள் ஐயா. பழைய நான்கு வேண்டாம். மூன்று போதும்.”

“குறைத்தது சட்டம். நானா குறைத்தேன்?” என்றார் கரடியார். “போய்ச் சட்டத்தைக் கேள்.”

சட்டத்தை எங்கே போய்க் கேட்பது? கடமானின் வாசலில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கேள்விகளை வாங்கிக்கொண்டு போய்ப் பதில் கொண்டுவருவது அதன் வேலை. முள்ளி அதே கேள்வியை அதனிடம் சொல்லி அனுப்பினாள். பத்து நாள் கழித்து மைனா வளை வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தது.

“தங்கள் கவலையை உறுப்பினர் மிகுந்த அக்கறையோடு கவனத்தில் எடுத்துக்கொண்டார். தாங்களும் தங்கள் முட்டைகளும் நலமாக இருக்க வாழ்த்துகிறார்.”

“என்ன முட்டை?”

மைனா தலையைச் சாய்த்து யோசித்தது. “இது கொக்குகளுக்குத் தயாரித்த பதிலோ என்னவோ. எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். நீ ஒருத்திதான் குறுக்கே கேள்வி கேட்கிறாய்.”

முள்ளி இருந்ததை மூன்றாகப் பங்கிட்டாள். தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு மரப்பட்டையைச் சுரண்டித் தின்றாள். அதனால் தோண்டும் வேகம் குறைந்தது. கூலியும் குறைந்தது. அழுங்கு தினமும் வந்து பார்த்தாள். ஆனால் அவள் எறும்பு தின்கிறவள். கொடுப்பதற்கு அவளிடம் கிழங்கு ஏது?

சிறுத்தை வந்த அன்று மூன்று குட்டிகளும் அம்மா சொல்லிக்கொடுத்தபடியே முதுகைத் திருப்பிக்கொண்டு சிலிர்த்தன. இரண்டுக்குத்தான் முள் நின்றது.

அடுத்த அவைக் கூட்டத்தில் மலையணில் ஓர் அறிக்கை வாசித்தார். குறைநிரப்பை நம்பி வாழும் வீடுகளில் மூன்றாவது குட்டிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதாம். சட்டம் நல்ல பலன் தருகிறதாம். கிழக்குக் கரை கால்களைத் தட்டி ஆரவாரம் செய்தது.

மழை திரும்பியது. தேர்தலும் வந்தது. கடமான் ஒவ்வொரு வளையாக நின்று கும்பிட்டுக்கொண்டே வந்தார். முள்ளி கரடியாரின் சரிவில் தோண்டிக்கொண்டிருந்தாள்.

“நலமா அம்மா? பிள்ளைகள் மூன்றும் நலமா?”

“இரண்டு” என்றாள் முள்ளி.

கடமான் கொம்பைத் தாழ்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கேள்விப்படவில்லையே. மனசு வலிக்கிறது. இதை நான் அவையில் சொல்லுவேன். ஒருவரும் மறக்கமுடியாதபடி சொல்லுவேன்.”

“சொல்லுவீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.” முள்ளி மண்ணிலிருந்து காலை எடுத்தாள். “ஐயா, ஏன் கரையேறவில்லை?”

“அன்றைய சூழ்நிலை அப்படி, அம்மா...”

“சூழ்நிலை எனக்குத் தெரியும். நானும் மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.”

“கட்சித் தலைமை எங்களைத் தண்ணீரிலேயே நிற்கச் சொல்லிவிட்டது.”

“அதே தலைமைக்கு அடங்கிய பத்தொன்பது பேர் எப்படிக் கரையேறினார்கள்?”

“நாங்கள் ஏறியிருந்தாலும் அமைச்சர் வேறு வழியில்...”

“அதை அவர் வந்து சொல்லட்டும். நான் உங்களைக் கேட்கிறேன்.”

கடமான் சுற்றுமுற்றும் பார்த்தார். சரிவில் வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லித் திரியும் மைனாவும் இல்லை. அன்றுதான் அவர் முதன்முறையாக அவளுக்குப் பதில் சொன்னார்.

“ஏறியிருந்தால், சோம்பேறிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று என்மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். இந்தத் தேர்தலில் நான் தோற்றுப்போவேன்.”

நமக்காக உருகிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நம் பக்கம் அல்ல; தலைகளை எண்ணும் நேரத்தில் நம் கரையில் ஏறி நிற்பவர்களே நம் பக்கம்.