சிலும்பன் அடைத்த துறை

கீழ்க்காட்டுக்கும் மேல்காட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. கீழ்க்காட்டில் பலா, வாழை, கிழங்கு எல்லாம் உண்டு, உப்பு மட்டும் இல்லை. மேல்காட்டில் பாறையும், அரை வயிற்றுக்குக்கூடப் போதாத புல்லும்தான். ஆனால் அங்கே, வரையாடுகள் மட்டுமே ஏறக்கூடிய ஒரு செங்குத்துச் சரிவு முழுக்க உப்பு மண் இருந்தது. அந்த மண்ணை நக்காவிட்டால் மானுக்குப் பால் வற்றும், கன்றுக்குக் கால் தள்ளாடும்.

மேல்காட்டு வரையாடுகள் உப்பு மண்ணைத் தேக்கிலையில் பொதிந்து கரைக்குக் கொண்டுவரும். ஓடப்பன் என்ற ஆமை அந்தப் பொதிகளை முதுகில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். திரும்பும்போது கீழ்க்காட்டு மந்திகள் பறித்துக் குவித்த பழங்களைச் சுமந்து செல்லும். இப்படியே இரண்டு காடுகளும் குறையில்லாமல் வாழ்ந்தன.

இக்கரைத் துறையில் காவல் இருந்தது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. வருகிற பொதியில் புழு பூச்சி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து அனுப்புவது அதன் வேலை. அந்த வேலையில் சிலும்பனுக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் காலையில் பாறைச்சி என்ற வரையாடு தானே ஆற்றைக் கடந்து வந்தது. மேல்காட்டு மந்தைக்கு அதுதான் தலைவி. போன முறை வந்த பலாப்பழத்தில் பாதி அழுகல் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டது. "வருகிற மண்ணை முகர்கிறவர், போகிற பழத்தையும் கொஞ்சம் முகர்ந்து பார்க்கக் கூடாதா?" என்று கேட்டது.

மந்திகள் சிரித்தன. சிலும்பனின் முட்கள் சிலிர்த்து நின்றன. பாறைச்சி சொன்னது நியாயம்தான் என்று அதற்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாள் முதல் எல்லாப் பொதிகளையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று சிலும்பன் உத்தரவு போட்டது. எல்லாப் பொதியையும் பார்த்து முடிக்கும்வரை பழம் அக்கரைக்குப் போகக் கூடாது என்றும் சொன்னது. அன்று முழுக்கக் கிளறியும் கிடைத்தது ஒரே ஒரு செவ்வெறும்பு. அது தேக்கிலையில் ஒட்டிக்கொண்டு வந்த எறும்பு. சிலும்பன் அதைக் கொண்டுபோய்க் கீழ்க்காட்டுத் தலைவரான விரிகொம்பன் என்ற மிளா மானிடம் காட்டியது. இன்றைக்கு ஒன்று வந்தால் நாளைக்குப் புற்றே வந்து சேரும் என்று பயமுறுத்தியது. விரிகொம்பன் நம்பியது. இப்படி ஒரு காவல் கிடைக்கக் காடு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று புகழவும் செய்தது. அதன்பிறகு சிலும்பனால் பின்வாங்க முடியவில்லை.

தூறல் காலம் தொடங்கியது. பிரித்துப் போட்ட உப்பு மண் மழையில் கரைந்து ஆற்றோடு போயிற்று. இக்கரையில் குவிந்த பலா வெடித்து ஈ மொய்த்தது.

ஓடப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் வாயைத் திறந்தது. "சிலும்பண்ணே, எறும்பைத் தேடுகிறேன் என்று உப்பையெல்லாம் ஆற்றில் கரைக்கிறீர்கள். அக்கரையில் வரையாடுகள் நாள் கணக்காகக் காத்துக் கிடக்கின்றன. இனியும் எத்தனை நாள் காத்திருக்கும்?"

"உன் வேலை சுமப்பது. என் வேலை பார்ப்பது" என்றது சிலும்பன்.

சில நாள் கழித்து அக்கரை வெறிச்சோடிக் கிடந்தது. ஓடப்பன் நான்கு நாள் அங்கேயே காத்திருந்தது. ஒரு பொதியும் வரவில்லை. சுமை இல்லாத முதுகோடு இங்கே என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, ஆற்றின் போக்கிலேயே கீழே எங்கோ வேறு துறை தேடிப் போய்விட்டது.

சிலும்பன் அசரவில்லை. பழம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்கள், பசித்தால் தானே வருவார்கள் என்று எண்ணிக்கொண்டது.

கோடை வந்தது. வரையாடுகள் வரவில்லை. கீழ்க்காட்டு மான்கள் மரப்பட்டையைச் சுரண்டி நக்கின. தாய்மான்களுக்குப் பால் வற்றியது. விரிகொம்பனின் மகள் மருளிக்கு ஒரு கன்று பிறந்தது. மூன்று நாளாகியும் அது எழுந்து நிற்கவில்லை. சிலும்பனுக்கே உப்பு இல்லாமல் நாக்கு வறண்டது. உப்புச் சுவைக்காகப் பழைய எலும்பு ஒன்றைக் கொறித்துக்கொண்டே அது மருளியின் புதர்ப்பக்கம் போனது. கன்று தலையைத் தூக்கப் பார்த்துவிட்டு மறுபடியும் சாய்ந்தது.

சிலும்பன் எலும்பைக் கீழே போட்டது. அப்படியே நடந்து ஆற்றில் இறங்கியது. நீந்திப் பழக்கமில்லை. மூச்சு வாங்க, தண்ணீர் குடித்துக் குடித்து அக்கரை ஏறி, உப்புச் சரிவின் அடிவாரம்வரை நடந்தது.

அங்கே இருந்த பாறைச்சி அதைப் பார்த்துத் திட்டவில்லை, முதலில் ஒதுங்கி உட்கார நிழல் காட்டியது. அதைத்தான் சிலும்பனால் தாங்க முடியவில்லை.

"உங்கள் மேல் கோபத்தில் திறந்திருந்த வழியை நானே அடைத்துவிட்டேன். உங்கள் மந்தையைத் திரும்பி வரச் சொல்லுங்கள். இனி ஒரு பொதியையும் பிரிக்க மாட்டேன்" என்றது சிலும்பன்.

பாறைச்சி நடந்ததைச் சொன்னது. கரையில் காத்திருந்தபோது இரண்டு கிழ ஆடுகள் வெறும் வயிற்றோடு செத்துப்போயின. அதற்குப்பின் மந்தை மலைமுகடு தாண்டிப் பழம் உள்ள வேறொரு காட்டைக் கண்டுபிடித்தது. தூரம் அதிகம். ஆனாலும் அங்கே யாரும் தடுப்பதில்லை. வெட்டுகிற மண்ணையெல்லாம் அந்தக் காட்டுக்கே தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று.

"எங்களுக்குக் கோபம் இல்லை, காவல்காரரே. கொடுத்த வாக்கை உங்களுக்காக மாற்ற முடியாது, அவ்வளவுதான்" என்றது பாறைச்சி. தான் நக்குவதற்கென்று வைத்திருந்த மண்ணில் ஒரு பிடியை இலையில் பொதிந்து கொடுத்தது.

அந்தப் பொதியை வாயில் கவ்வியபடி, நனையாமல் தலையைத் தூக்கியே நீந்தி வந்தது சிலும்பன். தான் ஒரு துளியும் நக்கவில்லை. மருளியின் முன்னால் கொண்டுபோய் வைத்தது. பிறகு விரிகொம்பனிடம் போய், எறும்பு வெறும் சாக்கு என்றும் தன் ரோஷம்தான் காரணம் என்றும் ஒளிக்காமல் சொன்னது. "நானும் விசாரிக்காமல் புகழ்ந்தேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு விரிகொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மருளியின் கன்று பிழைத்தது. அந்தக் கோடையில் பிறந்த மற்ற ஐந்து கன்றுகளும் பிழைக்கவில்லை. ஒரு பிடி மண் அத்தனை பேருக்கும் எப்படிப் போதும்?

சிலும்பன் துறையை அகலத் திறந்து வைத்தது. தினமும் விடிந்ததும் வழியில் முளைத்த முள்ளைக் கிள்ளிப் போட்டுவிட்டு அக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். யாரும் வரவில்லை.

பலரின் பிழைப்புக்கான வழியில் காவல் நிற்பவர் தன் சொந்தக் கோபத்துக்காக அதை அடைத்தால், பிறகு எவ்வளவு வருந்தித் திறந்து வைத்தாலும் வேறு வழி போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.