மணி அடிக்கும்வரை பகல்

முன்னொரு காலத்தில் கருவேலங்காடு என்ற தேசத்தைக் கோளரி வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனுஷன்தான். ஆனால் நினைத்தது நினைத்தபடி நடக்கவில்லை என்றால் யாரையாவது நாடு கடத்தினால்தான் மனசு ஆறும். அப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு ஒருநாள் பசி நின்றுபோனது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கஞ்சாப் பூவில் லேகியம் கிண்டிக் கொடுத்தால் பசி எடுக்கும்" என்றார் அரண்மனை வைத்தியர். ராஜாவின் மைத்துனன் வடக்கே மலைநாட்டை ஆண்டுவந்தான். அவன் விதை அனுப்பினான். கூடவே ஓர் ஓலை. "எங்கள் ஊரில் இந்தச் செடி யானை உயரம் வளரும். உங்கள் மண்ணில் எப்படியோ!"

அந்த 'எப்படியோ' ராஜாவைச் சுருக்கென்று தைத்துவிட்டது. தோட்டக்காரி காத்தாயியைக் கூப்பிட்டு, "யானை உயரம் வளர்த்துக் காட்டு" என்றான். காத்தாயியும் மக்கிய எருவைப் போட்டு, பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். செடி முழங்கால் உயரம் வந்ததுமே பூத்துவிட்டது. வைத்தியர் ஆசையாகப் பறிக்கப் போனார். ராஜா அவர் கையைத் தட்டிவிட்டான்.

"இந்தக் குட்டைச் செடியைக் காட்டி என் மைத்துனனிடம் மானம் போகவா?"

பக்கத்தில் நின்ற விருத்தகிரிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அரண்மனை மணிக்கு அவர்தான் அதிகாரி. தோட்டத்து வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித்தர வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். "மகாராஜா, செடி மேல் குற்றமில்லை. இவள் வளர்த்த லட்சணம் அப்படி" என்றார்.

காத்தாயி விட்டுக்கொடுக்கவில்லை. "ராசா, வடக்கே கோடையில பகல் நீளமாம். பகல் நீண்டிருக்கிற வரைக்கும் இந்தச் செடி வளரும், இரவு நீண்டா பூக்கும். நம்ம ஊர்ல வருஷம் முழுக்கப் பகலும் ராத்திரியும் ஏறக்குறைய ஒரே அளவு. அது பூக்கிற காலம்னு நெனச்சு அவசரப்பட்டுடுது."

"இவ்வளவுதானே? பகல் என் கையில் இருக்கிறது மகாராஜா!" என்று மார்தட்டினார் விருத்தகிரி. "சாயங்கால மணியை ஐந்து நாழிகை தள்ளி அடிக்கிறேன். மணி அடிக்கும்வரை பகல் என்று ஆணையிடுங்கள். அப்புறமும் வளரவில்லை என்றால் இவளை நாடு கடத்திவிடலாம்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. புது விதையும் ஒரு மண்டலம் கெடுவும் கொடுத்து, மணி அடிக்கும்வரை யாரும் விளக்கேற்றக் கூடாது என்று உத்தரவும் போட்டான்.

காத்தாயி ஒரு கணம் யோசித்தாள். தோட்டத்துப் பாதையில் சாயங்காலம் ராஜா தின்றுகொண்டே உலாத்துவான்; அவன் வீசிய வாழைப்பழத் தோலையும் பலாக்கொட்டைத் தோலையும் அன்றாடம் கூட்டுவது அவள்தானே! "அப்படின்னா இன்னொண்ணும் செய்யணும் ராசா. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் அரண்மனையிலயும் ஊர்லயும் யாரும் எதுவும் திங்கக் கூடாது, அடுப்பும் எரியக் கூடாது. பலகார வாடை பட்டா, பொழுது சாஞ்சுடுச்சுன்னு செடி கண்டுபிடிச்சுடும்."

"அப்படியே ஆகட்டும்!"

அப்புறம் அந்த ஊர் பட்ட பாடு இருக்கிறதே! பொழுது சாய்ந்து இருட்டிய பிறகும் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, "என்ன அண்ணே, வெயில் கொளுத்துதே!" என்று பேசிக்கொண்டார்கள். இருட்டில் சபை நடத்திய ராஜாவின் வயிறு, நாளாக நாளாகச் சபையில் இருந்த எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியது.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. செடி அதே முழங்கால் உயரம்தான், அதே மாதிரிப் பூவும் விட்டிருந்தது. காத்தாயிக்கு அழுகை முட்டியது. பிறந்த ஊரை விட்டு எங்கே போவாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாவிடம் போனாள். "ராசா, செடி முழுசா வளர்ந்து நிக்கிறது பகலோட கடைசியிலதான். சாயங்கால மணிக்குக் கொஞ்சம் முன்னால வந்து பாருங்க."

அன்றைக்கு அமாவாசை. ராஜா, வைத்தியர், விருத்தகிரி மூவரும் தட்டுத்தடுமாறி வந்தார்கள்.

"இதோ ராசா, யானை உயரம்! நல்ல பகல்தானே, மணிக்கார ஐயாவையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

விருத்தகிரி வசமாக மாட்டிக்கொண்டார். தெரியவில்லை என்றால் பகல் பொய்யாகும். தெரிகிறது என்றால் காத்தாயி ஜெயித்துவிடுவாள்.

"என்னய்யா முழிக்கிறீர்? அளந்து சொல்லும்" என்றான் ராஜா.

தொட்டுப் பார்த்துத் தப்பிக்கலாம் என்று, தலையை நிமிர்த்தி, கையை உயர்த்திக்கொண்டு நடந்தார் விருத்தகிரி. செடியைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. நேரே எருக்குழிக்குள் தொபுக்கென்று விழுந்தார்.

"ஐயையோ! இந்தக் கும்மிருட்டில் குழி இருப்பது யாருக்குத் தெரியும்?"

"என்ன சொன்னீர்? இருட்டா?" என்று கேட்டான் ராஜா.

ராஜா முதலில் முறைத்தான். அப்புறம் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"சரி காத்தாயி, செடி எவ்வளவு உயரம்? உண்மையைச் சொல்."

"முழங்கால் உயரம் ராசா. உங்க மைத்துனருக்கு ஒரு ஓலை போடுங்க. 'உங்க செடி யானை உயரம் வளர்ந்தாத்தான் பூ கொடுக்குது, எங்க செடி முழங்கால் உயரத்துலயே கொடுத்துடுது'ன்னு."

ராஜாவின் முகம் அந்த இருட்டிலும் மலர்ந்தது. "இந்தத் தோட்டம் இனி ஆயுசுக்கும் உன் பொறுப்பு. விருத்தகிரி, இனிமேல் தினமும் இவளிடம் வந்து 'பொழுது சாய்ந்ததா அம்மா?' என்று கேட்டுவிட்டுத்தான் நீர் மணி அடிக்க வேண்டும். வேறென்ன வேண்டும் காத்தாயி?"

"மொதல்ல மணியை அடிக்கச் சொல்லுங்க ராசா. ஊரே பசியில கெடக்கு."

ராஜா தானே ஓடிப்போய் மணியை அடித்தான். ஊரெல்லாம் அடுப்பு புகைந்தது. வைத்தியர் பூப்பறித்து, விடிய விடிய லேகியம் கிண்டி, காலையில் வெள்ளிக் கிண்ணத்தில் பக்குவமாகக் கொண்டுவந்தார். மூன்றாம் தரம் பொங்கல் கேட்டு இலையைத் தட்டிக்கொண்டிருந்த கோளரி வர்மன் நிமிர்ந்து பார்த்தான்.

"போய்யா அந்தப் பக்கம், லேகியத்துக்கு வயிற்றில் இடம் ஏது?"