சுழலும் மேசையில் ஒரு பல்செட்

மேனேஜர் வைகுண்டம் தன் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரைத் திருநெல்வேலியில் ஒரு சைனீஸ் ஓட்டலுக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார். வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. அதன்மேல் பதினோரு பதார்த்தம்.

"தட்டு நிக்கும்போது யார் முன்னால எது நிக்குதோ, அதைத்தான் அவங்க திங்கணும். கை நீட்டப்படாது. சீனாக்காரன் வழக்கம்" என்றார் வைகுண்டம். சீனாவை அவர் மேப்பில்கூடப் பார்த்ததில்லை. தட்டைச் சுற்றும் வேலையை மட்டும் தானே வைத்துக்கொண்டார்.

என்ன மாயமோ, பொரித்த முழு மீன் நாலு தடவையும் அவர் முன்னால் வந்து நின்றது. எதிரே இருந்த பியூன் சுடலைமுத்துக்கு நாலு தடவையும் வினிகரில் ஊறிய மிளகாய்தான்.

நூடுல்ஸ் போய் மேனேஜரின் பல்செட்டில் சிக்கியது. கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, சுழலும் தட்டின் ஓரத்தில் வைத்தார். அடுத்த நிமிஷமே இறால் ஆசை வந்து, பல்லை மறந்து தட்டைச் சுற்றினார். இறால் அவரிடம் வந்தது. பல் சுடலைமுத்துவிடம் போனது.

சுடலைமுத்து கோப்பையைக் கையில் எடுத்து, அதன்மேல் சோயா சாஸைச் சாய்த்தான்.

"ஏலே, என்னல செய்யுத?" பொக்கை வாயால் மேனேஜர் பதறினார்.

"வழக்கத்தை மீறலாமா சார்? இது என் முன்னால நின்னுட்டுல்லா. தின்னுதான ஆகணும்."

"வழக்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவங்கவங்களுக்கு வேணும்ங்கறதை எடுத்துக்கிடுங்க. பல்லைக் குடு."

சுடலைமுத்து தலையாட்டிவிட்டு, முதலில் மீனைத் தன் பக்கம் சுற்றினான். அதில் முள் மட்டும் மிஞ்சியபோதுதான் மேனேஜரின் பல் ஊர் திரும்பியது.