நூறு புறாவில் ஒரு வேலப்பன்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, பவழக்குன்றம் என்றொரு நாடு. அந்த நாட்டு ராஜாவின் புறாக்களை வளர்த்தவள் மருக்கொழுந்து. அவள் புருஷன் வேலப்பன், கோட்டைவாசல் காவல்காரன். தங்கமான மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

ஒருநாள் காலையில் வக்கிரசேனன் என்ற மந்திரவாதி அந்த வாசலுக்கு வந்தான். தாடி முழங்கால் வரைக்கும் தொங்கியது.

"சாமி, இதுல எத்தனை குருவி குடியிருக்கு?" என்று கேட்டுவைத்தான் வேலப்பன்.

மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! கோலைச் சுழற்றினான். வேலப்பன் வெள்ளைப் புறாவாகிவிட்டான். எங்கிருந்தோ இன்னும் தொண்ணூற்றொன்பது வெள்ளைப் புறாக்கள் வந்து அவனோடு கலந்துகொண்டன.

மருக்கொழுந்து ஓடிவந்து அழுதாள். "தெரியாம பேசிட்டாரு சாமி, மன்னிச்சிடுங்க!"

"மூன்று வாய்ப்பு தருகிறேன்! பொழுது சாய்வதற்குள் உன் புருஷனைத் தொட்டுக் காட்டு. காட்டிவிட்டால் என் கோலை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிறேன். தவறினால் அவன் ஆயுசுக்கும் புறாதான்!"

"ஏங்க!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நூறும் திரும்பிப் பார்த்தன. பக்கத்தில் நின்றதைத் தொட்டாள். புறா புறாவாகவே இருந்தது.

அவனுக்குப் பிடித்த பொரிகடலையை வாரி இறைத்தாள். நூறும் ஓடிவந்து கொத்தின. அதிகமாகத் தின்றதைத் தொட்டாள். புறா புறாவாகவே இருந்தது. மந்திரவாதி தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

சாயங்கால வெயில் மதில் உச்சிக்கு ஏறிவிட்டது. இனி ஒரே ஒரு வாய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். கண்ணுக்குத்தானே எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது?

புறா சும்மா எழும்பினால் அதன் சிறகு படபடவென்று கை தட்டும். பயந்து எழும்பினாலோ விர்ர்ரென்று சீறும். அந்தச் சீறல் காதில் விழுந்தால் போதும், மற்ற புறாக்கள் பருந்து எங்கே என்று தேடிக்கொண்டிருக்காது. அந்த நொடியே கிளம்பிவிடும். முட்டையிலிருந்து வந்த புறாவுக்கு இதெல்லாம் தெரியும். காலையில் சிறகு முளைத்த வேலப்பனுக்கு எப்படித் தெரியும்?

அரண்மனைக் கூண்டிலிருந்து ஒரு சாம்பல் புறாவை எடுத்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போனாள். தரையில் விட்டாள். "கோவிச்சுக்காதடா தங்கம்" என்று சொல்லி, முந்தானையைச் சட்டென்று அதன் தலைக்கு மேல் வீசினாள்.

விர்ர்ர்!

மதிலுக்கு இந்தப் பக்கம் தொண்ணூற்றொன்பது புறாக்களும் ஒரே வீச்சில் எழும்பின. கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இறக்கையை விரித்து வானத்தில் மிதந்தன. ஒரே ஒரு புறா மட்டும் கீழே நின்று, சாவகாசமாகப் பொரிகடலை கொத்திக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அதைத் தொட்டாள். வாய் நிறையப் பொரிகடலையோடு எழுந்து நின்றான் வேலப்பன்!

மந்திரவாதி கோலை முழங்காலில் வைத்து ஒடித்தான். தாடியைச் சுருட்டிக்கொண்டு நாட்டை விட்டே போனான். சேதி கேட்ட ராஜா, அந்தத் தொண்ணூற்றொன்பது புறாக்களையும் அவளுக்கே கொடுத்து, அவை தங்குவதற்கு ஒரு மாடமும் கட்டித் தந்தார்.

அன்று மந்திரவாதி போன பின்னும் வேலப்பன் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏ புள்ள, அதுங்க எல்லாம் எதுக்கு ஓடிச்சு? பருந்து ஒண்ணையும் காணோமே!"

மருக்கொழுந்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோட்டைவாசல் என்றும் பாராமல் அவனைக் கட்டிக்கொண்டாள்.