நடந்ததை நடந்தபடி நடத்திய பள்ளிக்கூடம்

மொட்டைப்பாறைப்பட்டியில் நாலு முட்டாள்கள் இருந்தார்கள் என்று கதையை ஆரம்பித்தால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாலு பேரும் வெளியூர்க்காரர்கள். நன்றாகப் படித்து, பரீட்சை எழுதித் தேறி, அரசாங்க உத்தரவோடு அந்த ஊர் நடுநிலைப்பள்ளிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

நாலு பேருக்கும் தலைவர் தலைமை ஆசிரியர் வைகுண்டமணி. சொந்த ஊர் தெற்கே, நாகர்கோவில் பக்கம். அவர் மனைவி செல்லக்கனி அங்கே தபால் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இவர் இங்கே, பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில். ஒன்பது வருஷமாகக் குடித்தனம் முழுக்க போனில்தான் நடக்கிறது. ஒன்பது வருஷமாக மாறுதல் கேட்டு மனுப் போடுகிறார். ஒன்பதாவது மனு மட்டும் எப்படியோ மண்டல அலுவலகத்து மேசை வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்த எழுத்தர் போனில் சொன்னார், சார், வரப்போகிற பயிற்சிக்கு உங்கள் பள்ளி அறிக்கை குறையில்லாமல் வந்துவிட்டால் உத்தரவு கையெழுத்தாகிவிடும், திருப்பி அனுப்பப்பட்டால் இன்னும் மூணு வருஷம் அங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று.

அன்றைக்கே செல்லக்கனி பரணில் கிடந்த கட்டிலை ஆள்விட்டு இறக்கித் துடைத்துப் போட்டாள்.

பயிற்சிக்குப் பெயர் ‘மலரும் வகுப்பறை’. சனிக்கிழமை, வட்டார வள மையத்தில், ஒரே நாள். வைகுண்டமணி தன் மூன்று ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாய்ப் போனார். கணக்கு எடுக்கும் ஜெசிந்தா டீச்சர், அறிவியல் எடுக்கும் மேகவர்ணன், தமிழய்யா தணிகாசலம். அந்த மூணு பேரிடமும் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டு யாரையும் சிரமப்படுத்த மாட்டார்கள்.

ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய பயிற்சிக்கு, அதை நடத்தும் கருத்தாளர் சற்குணராஜ் பத்து ஐம்பதுக்கு வந்தார். பைக் பஞ்சராம். வந்ததும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலிடத்து உத்தரவை வாசித்தார்.

“இந்த அறையில் இன்று என்ன நடக்கிறதோ அதை ஒன்று குறையாமல், ஒன்று கூடாமல், அடுத்த வெள்ளிக்குள் உங்கள் பள்ளியில் நடத்த வேண்டும். நிமிடவாரியாகக் குறிப்பு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். விடுபட்டிருந்தால் அறிக்கை ஏற்கப்படாது.”

அறையில் நாற்பத்திரண்டு பேர். முப்பத்தெட்டுப் பேர் கொட்டாவி விட்டார்கள். மொட்டைப்பாறைப்பட்டிக்காரர்கள் நாலு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்கள்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்தது இவ்வளவுதான். பதினொன்று இருபதுக்குப் புரொஜெக்டரைப் போட்டார்கள். சுவரில் நீலமாக ஒரு சதுரம் விழுந்து, ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியது. பயிற்சியில் கற்றுத்தர வேண்டியது எல்லாம் அந்தப் படத்துக்குள்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் எல்லோரும் நீலத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டரைக்கு ஒரு வெள்ளாடு உள்ளே வந்து குழு வேலைக்கு வைத்திருந்த சார்ட்டில் பாதியைத் தின்றது. கருத்தாளரின் மனைவி மூன்று தரம் போனில் கூப்பிட, அவர் மூன்று தரமும் “வைம்மா, மீட்டிங்ல இருக்கேன்” என்றார். மூணு மணிக்கு எல்லோரும் தூங்கினார்கள். நாலே காலுக்கு எழுந்து, பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று ஆளுக்கொரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள்.

மற்ற பள்ளிக்காரர்கள் பஸ்ஸிலேயே நாலு வரி அறிக்கை எழுதி முடித்தார்கள். நம் ஆட்கள் பதினோரு பக்கக் குறிப்போடு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஆலோசனைக் கூட்டம். மேகவர்ணன்தான் கருத்தாளர் என்று முடிவானது, பைக் அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த பைக்குக்கு வந்த நாள்முதல் ஒரு குறையும் கிடையாது.

“பஞ்சர் ஆகலைன்னா என்ன சார் பண்றது?” என்றார் மேகவர்ணன், முகத்தில் கவலையோடு.

“ஆகலைன்னா அறிக்கை போகாது,” என்றார் வைகுண்டமணி.

ஜெசிந்தா டீச்சர் எழுந்து போய் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு கவராயத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

அடுத்தது ஆள் கணக்கு. அங்கே நாற்பத்திரண்டு பேர். இங்கே மேகவர்ணனைக் கழித்தால் மூணு பேர். மீதி முப்பத்தொன்பது பேருக்கு எங்கே போவது என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் தணிகாசலம் ஐயா தொண்டையைச் செருமினார்.

“அங்க மட்டும் நாப்பத்திரண்டு பேரா இருந்தாங்க? பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுட்டு, நாற்காலில பையை வச்சுட்டுல்ல போனாங்க? நாமளும் பையை வைப்போம்.”

“பாதிதானே ஐயா. மீதிப் பாதி?” என்றாள் ஜெசிந்தா டீச்சர்.

“அவங்க பைக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாங்க. பை இருந்தாலே அவங்க இருந்த மாதிரிதான்.”

பிள்ளைகளின் புத்தகப் பைகள் முப்பத்தொன்பதை வாங்கி நாற்காலிகளில் வரிசையாக வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளைப் புத்தகமும் இல்லாமல் ஆசிரியரும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, ‘மலரும் வகுப்பறை’ பயிற்சி அடுத்த அறையில் ஆரம்பமானது. மேகவர்ணன் ஊருக்கு வெளியே போய், பைக்கை நிறுத்தி, பின் சக்கரத்தில் கவராயத்தால் குத்தினார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். மணி பத்து நாற்பத்தைந்து. ஐந்து நிமிடம் முந்திவிட்டது என்று வைகுண்டமணி அவரைத் திருப்பி அனுப்பினார். கேட்டுக்கு வெளியே வெயிலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி வந்தார்.

பதினொன்று இருபதுக்குத்தான் விபரீதம். பள்ளியில் இரண்டு வருஷமாகப் பெட்டி பிரிக்காமல் ஒரு புரொஜெக்டர் இருந்தது. அதைப் பிரித்து, கருத்தாளர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டிருந்த பென்டிரைவைச் சொருகினார்கள். படம் வந்துவிட்டது. பளிச்சென்று, எழுத்தெல்லாம் தெளிவாக.

“சார், படம் வருது சார்,” என்றாள் ஜெசிந்தா டீச்சர்.

‘வாசிக்கத் திணறும் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது’ என்று சுவரில் பெரிய எழுத்தில் ஓடியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பிள்ளைகள் கை தட்டின. தணிகாசலம் ஐயா பிரம்போடு போய் அவர்களைத் துரத்தினார். வைகுண்டமணிக்கு, செல்லக்கனி துடைத்துப் போட்ட கட்டில் கண்முன்னால் வந்து, மடங்கி, மறுபடி பரணுக்கு ஏறியது. ஒரே பாய்ச்சலில் போய் ஒயரைப் பிடுங்கினார். சுவர் நீலமானது. ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

அப்பாடா என்று நாலு பேரும் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் நீலத்தைப் பார்த்தார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் படித்திருக்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குக் கரண்ட் போகவில்லை. வருஷம் முழுக்க வேளை கெட்ட வேளையில் போகிற கரண்ட், அன்றைக்கு ஆணி அடித்தாற்போல அசையாமல் இருந்தது. இது நடக்கக்கூடும் என்று வைகுண்டமணி முந்தின நாளே லைன்மேனுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அதில் ஒரு சிக்கலை மேகவர்ணன் கண்டுபிடித்தார். அங்கே அது தானாகப் போனது, நாம் கேட்டுப் போனால் அது தானாகப் போனதாகாதே என்று. லைன்மேன் கம்பத்தில் ஏறி ஃபியூஸில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க, கீழே விவாதம் நடந்தது.

“நாம கேட்டது நமக்குத் தெரியும்,” என்றார் தணிகாசலம் ஐயா. “கரண்டுக்குத் தெரியாதுல்ல?”

அது சரிதான் என்று பட்டது. கையை அசைத்தார்கள். மின்சாரம் ஒன்றும் தெரியாமல் போனது. இத்தனை வருஷம் கரண்ட் போச்சுன்னு என்னைத் திட்டினீங்க, இன்னிக்குப் போகலைன்னு கூப்பிடுறீங்க, உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே லைன்மேன் இறங்கிப் போனார். அதைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று ஜெசிந்தா டீச்சர் கேட்டாள். அங்கே லைன்மேன் வரவில்லை என்பதால் சேர்க்கவில்லை.

ஆடு சத்துணவு சமைக்கும் அன்னமயிலுடையது. என் ஆடு பேப்பர் தின்னாது, அது நல்ல ஆடு என்று அவள் கறாராகச் சொன்னாள். அது உண்மைதான். சார்ட்டை மூக்குக்கு நேரே நீட்டியும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அறையிலேயே சொன்னபடி செய்யாத ஒரே ஜீவன் அதுதான். கடலைப் புண்ணாக்கைக் கரைத்துச் சார்ட்டில் தடவிய பிறகு தின்றது. பாதியோடு நிறுத்தவும் இல்லை. மீதியை அதன் வாயிலிருந்து இழுப்பதற்குள் மேகவர்ணன் சட்டைக்கை கிழிந்தது.

மூணு மணிக்குத் தூங்க வேண்டும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் மத்தியானம் மூணு மணிக்கு விழித்திருந்தே அறியாத தணிகாசலம் ஐயாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. தூங்க வேண்டுமே என்ற கவலை. மற்ற மூணு பேரும் எழுந்து அவரைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

அறுபத்துமூன்று படங்களோடு அறிக்கை போனது. செல்லக்கனி போனில் கேட்டாள்.

“ஒண்ணும் விட்டுப்போகலல்லா?”

“ஒண்ணும் விட்டுப்போகல.”

“அப்போ மெத்தைக்குச் சொல்லிரட்டா?”

“சொல்லிரு,” என்றார் வைகுண்டமணி.

இருபது நாள் கழித்து மண்டல அலுவலகத்திலிருந்து அதிகாரியே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. மாறுதல் உத்தரவை வழக்கமாகத் தபாலில்தான் அனுப்புவார்கள். அதிகாரியே எடுத்து வருகிறார் என்றால் அந்த அறிக்கை எப்பேர்ப்பட்ட அறிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்று நாலு பேருக்கும் பெருமை. வைகுண்டமணி பெட்டியைக் கட்டி ஆசிரியர் அறையில் கொண்டுவந்து வைத்தார். ஜெசிந்தா டீச்சர் ஒரு சால்வை வாங்கினாள்.

அதிகாரி தனியாக வரவில்லை. பின்னால் நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் நோட்டோடு வந்தார்கள். சற்குணராஜும் அவர்களில் ஒருவராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதிகாரி எழுந்து நின்று, இந்த மண்டலத்திலேயே உத்தரவை உத்தரவாக மதித்த ஒரே பள்ளி இதுதான் என்றார். ஆகவே இனிமேல் எல்லாப் பயிற்சியும் இங்கேயே நடக்கும், இந்த அறையில் இன்று என்ன நடக்கிறதோ அதை ஒன்று குறையாமல், ஒன்று கூடாமல், வரும் வெள்ளிக்குள் அவரவர் பள்ளியில் நடத்த வேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு வைகுண்டமணியைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். அப்போது மணி பதினொன்று நாற்பது.

வைகுண்டமணி உறையைப் பிரித்துப் படித்தார். திரு. வைகுண்டமணி இதன்மூலம் நிரந்தர முதன்மைக் கருத்தாளராக நியமிக்கப்படுகிறார். அவரது சேவை இப்பள்ளிக்கு இன்றியமையாதது என்பதால் மாறுதல் மனு நிராகரிக்கப்படுகிறது. இனி ஓய்வு பெறும்வரை இப்பொருள் குறித்து மனுச் செய்யத் தேவையில்லை.

ஒரு தரம் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு அழுதார். ஒன்பது வருஷத்து அழுகை, சத்தமே இல்லாமல் வந்தது. ஜெசிந்தா டீச்சர் சால்வையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அறையில் நாற்பத்திரண்டு பேனாக்கள் காகிதத்தில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து சற்குணராஜ் கையைத் தூக்கினார்.

“சார், ஒரு சந்தேகம். முதல் சொட்டு எந்தக் கண்ணில் வந்தது சார்?”

கருத்தாளர் என்றால் சந்தேகத்தைத் தீர்த்து வைக்க வேண்டும். வைகுண்டமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார்.

“இடது,” என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அந்த மண்டலத்துப் பள்ளிகளில் எல்லாம் தலைமை ஆசிரியர்கள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, உட்கார்ந்து அழுதார்கள். கண்ணாடி போடாதவர்கள் இரவல் வாங்கிப் போட்டுக் கழற்றினார்கள். பிள்ளைகள் அடுத்த அறையில் சும்மா இருந்தன. அறிக்கைகள் படத்தோடு மொட்டைப்பாறைப்பட்டிக்கு வந்து குவிந்தன. சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு இப்போது வைகுண்டமணியுடையது. அவிழ்க்காத பெட்டியின் மேலேயே நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

நடுவில் செல்லக்கனி மூன்று தரம் கூப்பிட்டாள். “வைம்மா, மீட்டிங்ல இருக்கேன்,” என்றார் மூன்று தரமும்.

ஒரு பள்ளியில் முதல் சொட்டு வலது கண்ணில் இருந்தது. திருத்தி அனுப்பவும் என்று எழுதினார். இன்னொரு பள்ளியிலிருந்து அறிக்கை வரவில்லை, விண்ணப்பம்தான் வந்திருந்தது. எங்கள் தலைமை ஆசிரியர் சொந்த ஊரிலேயே, சொந்த வீட்டிலேயே இருப்பவர், மூன்று நாளாக முயன்றும் அழுகை வரவில்லை, வெங்காயம் வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று பணிவோடு கேட்டிருந்தார்கள்.

வைகுண்டமணி அன்றைய குறிப்பைப் புரட்டி, பதினொன்று நாற்பதிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

‘அன்று அறையில் வெங்காயம் இல்லை. அனுமதி இல்லை.’